வீட்டுப் படங்களுக்கு ஒரு பழைய டிஎஸ்எல்ஆர்: பாடியைவிட லென்ஸ் முக்கியம்

குழந்தை இருக்கிற வீடுகளிலிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. "ஃபோன்ல எடுக்கிற படம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. முதல் பிறந்தநாளுக்குள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் வாங்கிடலாம்னு இருக்கோம். எது நல்லது?" கூடவே நாலு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட். பேச்சு முழுக்க பாடியைச் சுற்றித்தான் இருக்கும். கேனானா நிக்கானா, 18 மெகாபிக்சலா 24-ஆ, ஷட்டர் கவுண்ட் எவ்வளவு வரை போகலாம். லென்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது கேமராவோடு சும்மா ஒட்டிக்கொண்டு வருகிற பொருள் என்று ஒரு எண்ணம்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வீட்டுக்குள் எடுக்கப் போகிறீர்கள் என்றால் லென்ஸை முதலில் முடிவு பண்ணுங்க, மிச்சக் காசுக்கு எந்த பாடி கிடைக்குதோ அதை வாங்குங்க. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறேன். பெருக்கல் வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லை.

பட்ஜெட் டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் சென்சாரை ஏபிஎஸ்-சி என்பார்கள். நிக்கானில் அது சுமார் 23.5 x 15.6 மி.மீ., கேனானில் கொஞ்சம் சின்னது, 22.3 x 14.9 மி.மீ. பரப்பளவு 330-லிருந்து 370 சதுர மி.மீ. வரை வரும். இன்று நல்ல ஃபோன்களின் முதன்மைக் கேமராவில் இருக்கும் பெரிய சென்சாருக்குச் சுமார் 70 சதுர மி.மீ. ஆக டிஎஸ்எல்ஆர் சென்சார் ஏறக்குறைய 5 மடங்கு பெரிது. இதுவரைக்கும் சந்தோஷம்.

ஆனால் வெளிச்சம் உள்ளே வருவது லென்ஸ் வழியாக. ஃபோனின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் எஃப் 1.8 அல்லது அதற்குப் பக்கத்தில். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் அகலமான முனையில் எஃப் 3.5, ஜூம் பண்ணின முனையில் எஃப் 5.6. எஃப் எண் கூடக்கூட துவாரம் சின்னதாகும். உள்ளே வரும் வெளிச்சம் அந்த எண்ணின் வர்க்கத்தின்படி குறையும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 9.7. அதாவது கிட் லென்ஸை 55-க்கு ஜூம் பண்ணினால், சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் வருவது ஃபோனில் வருவதில் பத்தில் ஒரு பங்கு. சென்சார் 5 மடங்கு பெரிது, வெளிச்சம் 10-ல் ஒரு பங்கு. மொத்தத்தில் ஃபோன் பிடிக்கிற வெளிச்சத்தில் பாதிதான் டிஎஸ்எல்ஆருக்குக் கிடைக்கிறது! 18 மி.மீ. முனையிலும் ஏறக்குறைய சமம்தான், ஜெயித்துவிடவில்லை. போதாக்குறைக்கு ஃபோன் ஒரே சமயத்தில் பல படம் எடுத்து, அவற்றைக் கலந்து இரைச்சலைத் துடைத்துக் கொடுக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர் அதைச் செய்யாது.

"கேமரா வாங்கினோம், ஃபோன் அளவுக்குக்கூட வரலையே" என்று ஆறு மாதத்தில் பீரோவுக்குள் வைத்துவிடுகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். பகலில் மாடியில் எடுத்த படம் அருமையாக இருந்திருக்கும். ராத்திரி ஹாலில் டியூப் லைட்டில் கேக் வெட்டும்போது எல்லாம் ஆட்டம் கண்டிருக்கும்.

இப்போ அதே கேமராவில் ஒரு எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். கணக்கு தலைகீழாகிறது. ஃபோனுக்கும் இதற்கும் துவாரம் சமம், சென்சார் மட்டும் 5 மடங்கு பெரிது. ராத்திரி ஒரு சாதாரண ஹால் வெளிச்சத்தில் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 1600 வைத்தால் 1/125 விநாடி வேகம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அது போதும். அதே இடத்தில் கிட் லென்ஸின் 5.6-க்குப் போனால் வேகம் 1/13 ஆகிவிடும், இல்லையென்றால் ஐஎஸ்ஓவை 16,000-க்கு ஏற்ற வேண்டும். 1/13-இல் குழந்தை கை தட்டினால் கைக்குப் பதில் ஒரு மேகம்தான் விழும். கிட் லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கே என்று கேட்கலாம். அது நம் கை நடுங்குவதைத்தான் தடுக்கும். எதிரில் ஆடுகிறவரை அது ஒன்றும் செய்யாது.

எந்த எஃப் 1.8 லென்ஸ்?

இங்கேதான் கேனான், நிக்கான் என்ற கேள்விக்கு ஒரு அர்த்தம் வருகிறது. கேனான் பக்கம் எல்லாரும் வாங்குவது 50 மி.மீ. எஃப் 1.8. 1990-இல் வந்த பழைய இரண்டாம் வடிவம் ஒன்று, 2015-இல் வந்த எஸ்டிஎம் ஒன்று. எஸ்டிஎம் வாங்குங்க, பழையதின் மவுண்ட்டே பிளாஸ்டிக், ஃபோகஸ் மோட்டார் கரகரவென்று சத்தம் போடும். நிக்கான் பக்கம் 2009-இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8. இதுவே வீட்டுக்கு எனக்குப் பிடித்த லென்ஸ்.

ஏன் 35? நம் வீட்டு ஹாலின் அளவு. சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் நமக்கும் 8 அடி கிடைத்தால் பெரிசு. அந்த 8 அடியிலிருந்து கேனானில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம் வெறும் மூன்றரை அடி. இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டினால் சரி, மூணாவது ஆள் வெளியே. நிக்கானில் 35 மி.மீ. அதே இடத்திலிருந்து 5 அடிக்கு மேல் காட்டும். சோபாவில் மூணு பேர், மடியில் குழந்தை, எல்லாம் அடங்கும். கேனானில் அகலம் வேண்டுமென்றால் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் என்ற தட்டையான குட்டி லென்ஸ் இருக்கிறது, ஏழடிக்கு மேல் வரும். ஆனால் 1.8-ஐவிட வெளிச்சம் பாதிக்கும் கீழே. வெளிச்சமும் அகலமும் மலிவு விலையில் சேர்ந்து கிடைப்பது நிக்கானின் 35-இல்தான்.

அப்படியென்றால் 50 வீணா? இல்லை. அதற்கு வேறொரு வேலை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் வீடுகளில் வயசானவர்களுக்குத் தனிப் படம் எடுக்கிற பழக்கம் குறைவு. ஒருவர் போன அன்றைக்குத்தான் படம் தேடுவார்கள். ஏதோ ஒரு கல்யாண ஆல்பத்தில் கூட்டத்துக்கு நடுவே தெரிகிற முகத்தை வெட்டி எடுத்து, பின்னால் நீலத்தைப் போட்டு, பெரிசாக்கி மாலை போடுவார்கள். சில வீடுகளில் வாக்காளர் அட்டைப் படம். கண் எது, கண்ணாடி எது என்று தெரியாது. பேரன் பேத்திகளுக்கு அந்த முகம்தான் தாத்தா. 50 மி.மீ. லென்ஸ், பகல் பத்து மணி, வெயில் நேராக விழாத ஒரு ஜன்னல், பக்கத்தில் ஒரு நாற்காலி. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பத்துப் பதினைந்து படம் எடுங்கள். முகச் சுருக்கம் உட்பட எல்லாம் வரும், பின்னால் இருக்கும் பீரோவும் துணிக்கொடியும் கரைந்து போகும். குழந்தைக்காக வாங்கும் கேமராவில் முதலில் எடுக்க வேண்டியது பாட்டியை என்று நான் சொல்வதுண்டு. குழந்தை அடுத்த வருஷமும் இருக்கும் இல்லையா.

நிக்கான் வாங்குகிறவர்களுக்கு இரண்டு பொறி. முதலாவது, டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். "50 மி.மீ. எஃப் 1.8டி" என்று கடைசியில் டி போட்ட பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும், டி3400-இல் மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். ஓடுகிற குழந்தையை அப்படிப் பிடிக்க முடியாது. டி90, டி7000, டி7100, டி7200-இல் மோட்டார் உண்டு, அதில் அந்த லென்ஸ் ஜோராக வேலை செய்யும். இரண்டாவது பொறி இதற்கு நேர் எதிர். 2016-இலிருந்து வந்த ஏஎஃப்-பி என்ற கிட் லென்ஸ்கள் டி3100, டி5100, டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. லென்ஸையும் பாடியையும் தனித்தனியாக வாங்கும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடி

மெகாபிக்சலைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏ4 அளவில் நல்ல தரத்தில் அச்சிட 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். 2008-இல் வந்த நிக்கான் டி90-க்கு 12. அது போதும், சுவரில் மாட்டலாம்.

வருஷத்தைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. கேனான் 2010-இல் 550டியில் கொண்டுவந்த 18 மெகாபிக்சல் சென்சார் குடும்பத்தையே பல வருஷம் ஓட்டியது. 2016-இல் வந்த 1300டிக்கும் 18 மெகாபிக்சல்தான். ஆக 2013-இன் 700டியும் 2016-இன் 1300டியும் படத்தின் தரத்தில் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் 700டியில் ஃபோகஸ் புள்ளி ஒன்பதும் குறுக்கு வகை, 1300டியில் நடுப்புள்ளி மட்டும். 700டி விநாடிக்கு 5 படம், 1300டி 3. 700டியின் திரை தொடுதிரை, வெளியே திரும்பும்; தரையில் தவழும் குழந்தையைப் படுக்காமல் எடுக்கலாம். விற்கிறவர் "இது புது மாடல் சார்" என்று 1300டிக்கு அதிக விலை சொன்னால் பொறுமையாகக் கேட்டுவிட்டு 700டியைத் தேடுங்கள். நிக்கானில் இதே நியாயத்தில் டி5300. கொஞ்சம் கனம் பரவாயில்லை என்றால் டி7100. அதில் ஃபோகஸ் புள்ளிகள் 51, பட்டன்கள் நிறைய, மேலே சொன்ன மோட்டாரும் உண்டு. எளிமையும் எடைக் குறைவும் வேண்டும் என்றால் டி3300, டி3400, டி3500. இதில் டி3400-லிருந்து சென்சாரைத் தானே உதறிச் சுத்தம் செய்யும் வசதியை எடுத்துவிட்டார்கள், அதனால் நான் டி3300 பக்கம்.

ஃபிளாஷ் மாட்டுகிற எண்ணம் இருந்தால் கேனானில் இன்னொன்றையும் கவனியுங்கள். 1500டி, 3000டி, 200டியின் இரண்டாம் வடிவம், இந்த மாடல்களில் மேலே ஃபிளாஷ் சொருகும் இடத்தில் நடுப்பின்னை எடுத்துவிட்டார்கள். எல்லா பிராண்டுக்கும் பொதுவானது அந்தப் பின்தான். சாதாரண மேனுவல் ஃபிளாஷ் அதில் எரியாது. இது ஏன் வீட்டுக்கு முக்கியம் என்றால், எஃப் 1.8 எல்லாவற்றுக்கும் மருந்து கிடையாது. கிட்டத்திலிருந்து 1.8-இல் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சில அங்குலம்தான். முன்வரிசையில் தாத்தா, பின்வரிசையில் மாமா என்று நின்றால் ஒருவர்தான் தெளிவாக வருவார். கூட்டப் படத்துக்கு எஃப் 4, 5.6 என்று போக வேண்டும், அப்போது வெளிச்சம் பற்றாது. தலை திரும்பக்கூடிய ஒரு ஃபிளாஷை நேராக முகத்தில் அடிக்காமல் மேலே சீலிங்கில் அடித்தால், வெள்ளையடித்த தளம் முழுக்க ஒரு பெரிய விளக்காகிவிடும். நம்ம ஊர் கான்கிரீட் வீடுகள் இதற்கென்றே கட்டின மாதிரி. வெள்ளைத் தளம், பத்தடி உயரம். கேமராவிலேயே மேலெழும்பும் குட்டி ஃபிளாஷ் இதைச் செய்யாது. அது முகத்தில் எண்ணெய் வடிகிற மாதிரிதான் காட்டும்.

வீடியோ பற்றி ஒரு வரி: குழந்தை நடக்கிறதை வீடியோ எடுக்க ஃபோனே நல்லது. கேனான் 70டி, 80டி, 200டி போன்ற டூயல் பிக்சல் பாடிகள் மட்டும் விதிவிலக்கு.

யாரிடம் வாங்குவது

சந்தையில் இரண்டு வகைக் கேமரா இருக்கிறது. ஒன்று கல்யாண ஃபோட்டோகிராஃபர் கேமரா. மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் தங்கள் டிஎஸ்எல்ஆர்களை விற்கிறார்கள். விலை இறங்கியதற்கு இதுவே பெரிய காரணம். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் கொண்டுவருவதை நிறுத்தியேவிட்டன. இன்னொன்று பீரோ கேமரா. கல்லூரியில் சேர்ந்தபோதோ முதல் சம்பளத்திலோ ஆசையாக வாங்கி, ரெண்டு டூர் போய்விட்டு, அப்படியே பையோடு உள்ளே போனது. விளம்பரத்தில் "வெறும் 3,000 ஷாட் மட்டுமே, புத்தம் புதிது" என்று இருக்கும்.

எல்லாரும் இரண்டாவதைத்தான் தேடுவார்கள். எனக்கு அதில்தான் பயம் அதிகம்.

ஷட்டர் கவுண்ட் என்பது அந்தக் கேமரா இதுவரை எத்தனை தடவை க்ளிக் ஆகியிருக்கிறது என்ற எண்ணிக்கை. நிக்கான் டி3000, டி5000 வரிசைகளின் ஷட்டரை 1,00,000 தடவைக்கும் டி7100, டி7200-ஐ 1,50,000 தடவைக்கும் சோதித்திருக்கிறார்கள். கேனான் 70டி, 80டிக்கும் 1,00,000. இது காலாவதித் தேதி இல்லை, தாண்டியும் ஓடும், முன்னாலும் போகலாம். ஒரு குடும்பம் வருஷத்துக்கு 5,000 படம் எடுத்தாலே அதிகம். 40,000 ஓடின கேமராவை வாங்கினால்கூட அந்தக் கணக்கில் இன்னும் 12 வருஷம் இருக்கிறது. அதற்குள் குழந்தை கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

பீரோ கேமராவின் எதிரி பூஞ்சை. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. இருட்டு, ஈரம், அசையாத காற்று இந்த மூன்றும் கிடைத்தால் லென்ஸின் கண்ணாடிகளுக்கு இடையில் பூஞ்சை வலை பின்ன ஆரம்பிக்கும். தினம் வெளியே எடுத்து வெயிலும் காற்றும் படுகிற ஃபோட்டோகிராஃபர் லென்ஸில் இது குறைவு. நாலு வருஷம் துணிப்பையில் தூங்கின லென்ஸில் இதற்கு நல்ல வாய்ப்பு. ஆரம்ப நிலையில் சுத்தம் பண்ணலாம். முற்றிவிட்டால் கண்ணாடி மேல் இருக்கும் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. கிட் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலிக்கு இன்னொரு பழைய கிட் லென்ஸே வாங்கிவிடலாம்.

ஆகவே பூஞ்சையில்லாத 40,000 ஷாட் கேமராவா, பூஞ்சை பிடித்த 3,000 ஷாட் கேமராவா என்றால் யோசிக்கவே வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது

பகலில் போங்கள். கையில் உங்கள் சொந்த மெமரி கார்டு, முடிந்தால் ஒரு லேப்டாப். டார்ச் ஃபோனிலேயே இருக்கிறது.

முதலில் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பிறகு மாற்றி அடித்துப் பாருங்கள். தூசு புள்ளி புள்ளியாகத் தெரியும், அது எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரியோ மரக்கிளை மாதிரியோ நூல் நூலாகப் பிரிந்தால் பூஞ்சை. மொத்தமாகப் புகை மூட்டம் மாதிரி இருந்தால் அதுவும் வேண்டாம். வியூஃபைண்டரில் தெரியும் தூசு பற்றிக் கவலைப்படாதீர்கள், அது படத்தில் விழாது.

அடுத்தது பெரும்பாலானோர் தவறவிடும் சோதனை. அப்பர்ச்சரை எஃப் 8-க்கு வைத்து நாலைந்து படம் எடுங்கள். காரணம் இருக்கிறது. லென்ஸ் முழுசாகத் திறந்த நிலையில் எடுக்கும்போது துவாரத்தின் இதழ்கள் அசையவே அசையாது. எஃப் 8 என்று சொன்னால்தான் அவை சுருங்க வேண்டும். கேனான் கிட் லென்ஸ்களில் அந்த இதழ்களுக்குப் போகும் மெல்லிய பட்டை ஒயர் ஜூம் பண்ணிப் பண்ணி அறுந்துபோவது சகஜம். அறுந்திருந்தால் சின்ன எஃப் எண்ணில் எல்லாம் நன்றாக இருக்கும், எஃப் 8-இல் திரையில் எர்ரர் 01 வரும். வீட்டுக்குள் இருட்டில் காட்டி விற்றுவிட்டால் உங்களுக்கு மறுநாள் மாடியில்தான் தெரியும். ஜூமின் இரண்டு முனையிலும் நடுவிலும் இதைச் செய்து பாருங்கள்.

பிறகு எஃப் 16-க்குப் போய், ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம். கறுப்புப் புள்ளிகள் மங்கலாகத் தெரிந்தால் சென்சார் மேல் தூசு, சுத்தம் பண்ணிக்கொள்ளலாம், விலையில் கொஞ்சம் பேசலாம். படத்தின் குறுக்கே நேர்கோடாகவோ, எப்போதும் ஒரே நிறத்தில் எரியும் புள்ளிக் கூட்டமாகவோ இருந்தால் வந்த வழியே திரும்புங்கள். ரிசப்ஷன் மேடைகளில் சுற்றும் லேசர் விளக்கு நேராக லென்ஸுக்குள் அடித்து சென்சாரைச் சுட்டுவிடுவதுண்டு. கல்யாணக் கேமராவில் இதைக் குறிப்பாகப் பாருங்கள்.

ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று பார்க்க அங்கேயே ஒரு தினசரி காலண்டரோ செய்தித்தாளோ இருக்கும். மேசையில் கிடத்தி, சாய்வாக நின்று, எஃப் 1.8-இல் நடுவரியில் ஃபோகஸ் பண்ணி எடுங்கள். வியூஃபைண்டர் வழியாக மூன்று, லைவ் வியூவில் மூன்று. லைவ் வியூவில் நடுவரி தெளிவாகவும் வியூஃபைண்டரில் அதற்கு மேல்வரியோ கீழ்வரியோ தெளிவாகவும் வந்தால் ஃபோகஸ் தள்ளிப் போகிறது. டி7100, டி7200, 70டி, 80டி போன்றவற்றில் இதை மெனுவிலேயே திருத்தலாம். 1300டி, 700டி, டி3000, டி5000 வரிசைகளில் அந்த வசதி இல்லை, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

ஷட்டர் கவுண்டை நிக்கானில் படத்துக்குள்ளேயே பார்க்கலாம். கேமராவிலிருந்து நேராக எடுத்த ஜேபெக் கோப்பின் எக்ஸிஃப் தகவலில் எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் அழிந்துவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேனானின் பெரும்பாலான பாடிகளில் கோப்பில் இருக்காது. யுஎஸ்பியில் இணைத்து ஒரு மென்பொருளில்தான் பார்க்க முடியும். லேப்டாப் அதற்குத்தான்.

பெட்டி, பில், பாடியின் அடியில் இருக்கும் சீரியல் எண், மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பில் தொலைந்துபோவது இயல்புதான், ஆனால் சார்ஜரும் இல்லை, பெட்டியும் இல்லை, "என் கசின் கொடுத்தது" என்றால் திருட்டுப் பொருளாக இருக்கலாம். நமக்கு வேண்டாம்.

கூடவே தருகிற முக்காலி, மூணு ஃபில்டர், ஒரு பை, இதற்கெல்லாம் தனி விலை கொடுக்காதீர்கள். பேட்டரி ஒரிஜினலா என்று பாருங்கள், உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். வருஷக்கணக்கில் சும்மா இருந்த கேமரா ஒவ்வொரு முறையும் தேதி கேட்கும். உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி தீர்ந்திருக்கும். நிக்கானில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் போட்டு இரண்டு மூன்று நாள் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேதியைச் சரியாக வைக்காமல் எடுக்க ஆரம்பித்துவிட்டால், குழந்தையின் முதல் பிறந்தநாள் கம்ப்யூட்டரில் அது பிறப்பதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய ஒரு செட்டிங். நிக்கானில் ஏ மோடில் எஃப் 1.8 அல்லது 2, ஆட்டோ ஐஎஸ்ஓ, அதில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/200, அதிகபட்ச ஐஎஸ்ஓ 3200. மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். கேனானின் சின்ன பாடிகளில் அந்தக் குறைந்தபட்ச வேகம் வைக்கும் வசதி இல்லாததால், எம் மோடில் 1/200, எஃப் 1.8 வைத்து ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடலாம். நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கண்ணில் வையுங்கள். எல்லாப் புள்ளியையும் கேமராவிடம் விட்டால் அது குழந்தையை விட்டுவிட்டு, கிட்டத்தில் இருக்கும் பலூனைப் பிடித்துக்கொள்ளும்.

வைக்கிற இடம் முக்கியம். வாங்கின பையிலேயே பீரோவில் வைக்காதீர்கள். ரப்பர் வளையம் போட்டு இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சமையலறையில் மளிகை போடுவதே போதும். உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நூறு கிராம். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம், வாணலியில் குறைந்த தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது, இதற்கென்று ஒரு பழையதை ஒதுக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை, மற்ற நாட்களில் டப்பாவைத் திறக்கும்போது ஒரு பார்வை.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருக்கித்தான் போகும்; குடும்பத்துக்குக் காட்ட அது போதும். மூலக் கோப்பை மட்டும் மாதம் ஒரு தடவை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, பத்துப் படத்தைக் கடையில் கொடுத்து அச்சுப் போட்டுவிடுங்கள். பாட்டியின் ஜன்னல் படத்தை முதல் தவணையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களே கையில் வைத்துப் பார்க்கட்டும்.